கள்ளிக்குப்பத்துக் கணினியில் கிடந்த பெயர்கள்

1

என் பிறந்த தேதியை இனி யாருக்கும் சும்மா சொல்வதாக இல்லை. அப்பா பெயர், பழைய வீட்டு எண், பான் கார்டு நகல், எதையும்தான். எதற்குக் கேட்கிறீர்கள், எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். ஜெர்மனியில் பதினான்கு வருடம் குப்பை கொட்டி நான் கற்றுக்கொண்டது இந்த ஒன்றுதான் என்று என் தம்பி சரவணன் கேலி செய்வான். ஒன்றானாலும் உருப்படியான ஒன்று.

இதை எழுத வைத்தது ஒரு போன். காசல் நகரத்தில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் வேலை எனக்கு. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வாசலில் நின்றிருந்தேன். இந்திய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"சரவணன் உங்க தம்பிதானே மேடம்?"

"ஆமாம். யார் பேசறது?"

"லோன் டிபார்ட்மென்ட்ல இருந்து பேசறோம். ரெஃபரன்ஸ்ல உங்க பேர் இருக்கு. பொற்கொடி, அப்பா பேர் சுப்பையா, ஆவடி குவார்ட்டர்ஸ். கரெக்டா?"

அப்பாவின் வேலையில் கிடைத்த அந்த ஆவடி குவார்ட்டர்ஸை நாங்கள் காலி செய்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அப்பாவும் இல்லை. அவர் பெயரை ஓர் அந்நியன் இவ்வளவு சரளமாகச் சொன்னான்.

"என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"சிஸ்டத்துல இருக்கு மேடம்."

"எந்த சிஸ்டம்? உங்க கம்பெனி பேர் என்ன?"

வைத்துவிட்டான்.

என் ஜெர்மன் எண் ஊரில் ஐந்து பேருக்குத்தான் தெரியும். உடனே சரவணனைக் கூப்பிட்டேன். திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மிஷின் ஓட்டுகிறான். பின்னால் இரைச்சல்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. என் லோன் ஸ்கோர் இன்னா கீதுன்னு பாத்தேன். அவ்ளோதான். வேலைல கீறேன், அப்பால பேசறேன்."

அப்பால பேசவில்லை. அடுத்த வாரமும் பேசவில்லை. மகளுடன் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தேன். நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

2

அவனை நான் கோபித்துக்கொள்ள முடியாது. அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன், படித்தவள் என்ற திமிரோடு.

கணவரும் நானும் பிரிந்தபோது எனக்கும் யாழினிக்கும் சின்னதாக ஒரு வாடகை வீடு தேவைப்பட்டது. ஜெர்மனியில் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது கடன் அறிக்கை. நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை எல்லாம் அடங்கிய காகிதம். தேடினேன், முதலில் வந்த இணையதளத்தைத் திறந்தேன். அரசுத் தளம் மாதிரியே நீல நிறம், கழுகு போல ஒரு முத்திரை. பாஸ்போர்ட் நகல் கேட்டது, கொடுத்தேன். வங்கிக் கணக்கு எண், பழைய முகவரிகள், கொடுத்தேன். பணமும் கட்டினேன். வந்தது அறிக்கை இல்லை. அறிக்கையை எங்கே கேட்டு வாங்கலாம் என்று விளக்கும் ஒரு கடிதம். அதன் பின்னாலேயே கடன் தருகிறோம், காப்பீடு தருகிறோம் என்று விளம்பரங்கள் வந்து தபால் பெட்டி நிறைந்தது.

நுகர்வோருக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல், ஷுல்ட். பன்மையில் சொன்னால்தான் அது கடன் என்று மட்டும் பொருள்படும். பதற்றத்தில் நான் பன்மையை விழுங்கிவிட்டேன். "என் குற்றத்தின் நகல் எனக்கு வேண்டும்" என்று அங்கே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, "உங்கள் பேரில் குற்றம் எதுவும் இல்லை, உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல அந்த இணையதளக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என்னைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள், சொல்லுங்கள், பிறகு அழியுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது. அழித்துவிட்டோம் என்று இரண்டு வரி, கையெழுத்து. பட்டம் வாங்கியபோதுகூட நான் ஒரு காகிதத்தை அத்தனை முறை எடுத்துப் படித்ததில்லை.

யாழினிக்கு இந்த விஷயத்தில் நான் எப்போதுமே பட்டிக்காடு. அவளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் அவளை ஒரு புகைப்படம் எடுக்க வேண்டுமென்றால்கூட அவளிடமே கையெழுத்து வாங்குகிறார்கள். அவள் பிறந்தநாள் படத்தைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன் என்று என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னைக் கேட்டியா அம்மா?" என்றாள். தமிழில் அவள் நீளமாகச் சொல்லும் வாக்கியங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அது மட்டும் தெளிவாக வந்தது.

"நான் உன் அம்மாடி."

"அதனால?"

கம்பெனிக்காரனுக்கு எதிராக எனக்குக் கிடைத்த அதே உரிமையை என் மகள் எனக்கு எதிராகவும் எடுத்துக்கொள்வாள் என்று நான் யோசித்ததே இல்லை. வலித்தது. இப்போதும் வலிக்கிறது. ஆனால் படத்தை எடுத்துவிட்டேன்.

3

விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில் இருப்பது, அப்பா ஓய்வுபெற்றபின் கட்டிய வீடு. மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு நானும் சரவணனும் உட்கார்ந்தோம். அப்போதுதான் முழுசாகச் சொன்னான். பட்டறை வேலையை விட்டுவிட்டு 'குட்டி யானை' என்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்று வாங்கி லோடு அடிக்கலாம் என்று எண்ணம். வண்டிக் கடனுக்கு மனுப் போட்டிருக்கிறான். கடன் கட்டும் ஒழுங்கை வைத்துப் போடும் மதிப்பெண், அந்த ஸ்கோர், போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஒரு ட்யூ கூட நான் லேட்டா கட்னதில்லக்கா. பைக்கு லோனு, ஃப்ரிட்ஜு லோனு, எல்லாம் கரெக்டா கட்டி முடிச்சேன். எப்டி கொறைஞ்சிச்சின்னே தெர்ல." கட்டை விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தானே ஏதோ தப்பு செய்துவிட்டதாக அவனுக்கு ஒரு கூச்சம்.

என் மடிக்கணினியில், கடன் தகவல் நிறுவனத்தின் முகவரியை நாங்களே எழுத்து எழுத்தாகத் தட்டித் திறந்தோம். வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையையும் இலவசமாகத் தரவேண்டும் என்பது இங்கே விதி. அந்தப் பொத்தான் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், கண்ணில் படாத மாதிரி இருந்தது. ஓ.டி.பி. அவன் போனுக்கு வந்தது, அவனே போட்டான்.

அறிக்கையில் ஆவடி குவார்ட்டர்ஸ் முகவரியும் இருந்தது, அவன் முதன்முதலில் வங்கிக் கணக்குத் தொடங்கியபோது கொடுத்தது. கடைசிப் பக்கத்தில் யார் யார் அவனுடைய கணக்கை எட்டிப் பார்த்தார்கள் என்ற பட்டியல், 'விசாரணைகள்' என்ற தலைப்பில். வண்டிக் கடன் கேட்ட இடம் போக, இரண்டு வாரத்துக்குள் ஆறு நிறுவனங்கள். ஆறும் அவன் கடன் கேட்டதாகச் சொல்லிப் பார்த்திருக்கின்றன. இப்படி அடுத்தடுத்துக் கேட்டால், இவன் பணத்துக்குத் தவிக்கிறான் என்று கணக்குப் போட்டு ஸ்கோரைக் குறைத்துவிடுவார்கள்.

"இந்த ஆறு பேர்ல எவன்கிட்டயும் நான் கேக்கலக்கா. சத்தியமா."

"மொதல்ல ஸ்கோர் எங்க பாத்த?"

"பாபு கடைல."

பாபு தெருமுனையில் ஜெராக்ஸ், ஆன்லைன் மனு, போட்டோ எல்லாம் செய்யும் கடை வைத்திருக்கிறான். சரவணனோடு கிரிக்கெட் ஆடியவன். ஸ்கோர் பார்க்க வேண்டும் என்றதும் இலவசம் என்று ஏதோ ஒரு தளத்தைத் திறந்திருக்கிறான். பான், ஆதார், சம்பளச் சீட்டு, போட்டோ எல்லாம் வாங்கி ஏற்றியிருக்கிறான். தெரிந்தவர்கள் இரண்டு பேர் எண் கேட்டதும் சரவணன் தன் மனைவியுடையதையும் என்னுடையதையும் சொல்லியிருக்கிறான். ஓ.டி.பி.யைக் கடை வாசலில் நின்று கத்தியே சொன்னானாம், மழைச் சத்தத்தில் கேட்காததால்.

எனக்கு அப்பா நினைவு வந்தது. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவர். வாசலில் பை சோதனை. உள்ளே என்ன செய்கிறார் என்று அம்மாவுக்கே தெரியாது. கேட்டால் "இரும்பு வேலை" என்பார், அவ்வளவுதான். தொழிற்சாலையின் ஒரு துண்டுச் சீட்டு அவர் சட்டைப்பையில் வீட்டுக்கு வந்ததில்லை. ஆனால் யாராவது வந்து ரேஷன் கார்டு நகல் கேட்டால், ஏன் என்றுகூடக் கேட்காமல் இரண்டாக எடுத்துக் கொடுப்பார். சர்க்காருடைய ரகசியம் ரகசியம். தன்னுடையதை அவர் அப்படி நினைத்ததே இல்லை. அவருடையதும் காக்கத் தகுந்ததுதான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"நாளைக்கு பாபுகிட்ட போய்க் கேக்கறோம்" என்றேன்.

சரவணன் எழுந்துவிட்டான். "வோணாம்க்கா. அவன் என் தோஸ்து."

"தோஸ்துன்னா?"

"நீ மூணு வாரத்துல ஃப்ளைட் ஏறிடுவ. நான் இங்கதான் இருக்கணும். டெய்லி அவன் மூஞ்சிலதான் முழிக்கணும். அங்க இருக்கற சட்டத்த எடுத்துகினு வந்து இங்க பேசாத."

அவன் சொன்னது உண்மை. வெளிநாட்டிலிருந்து வருகிற எங்களுக்குக் கோபப்படுவது சுலபம். விமான டிக்கெட் கையில் இருக்கிறது. அதை நினைத்துப் படுக்கையில் புரண்டேன்.

ஆனாலும் மறுநாள் காலை போனேன். அந்தக் கடையில் இருந்தது என் பெயரும்தானே.

4

யாழினியும் கூட வந்தாள். கடையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். பாபு என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். நல்ல பையன். அதுதான் கஷ்டம்.

"வாங்கக்கா, எப்ப வந்தீங்க? ஜூஸ் சொல்லவா?"

"வேணாம்பா. சரவணனோட பேப்பர் எல்லாம் உன் கம்ப்யூட்டர்ல இருக்கா?"

"இருக்கும்க்கா. இன்னாத்துக்கு?"

"அழிக்கணும்."

சிரித்துக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினான். தேடுவதற்காக டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தான். அப்படியே நின்றுவிட்டேன். உருட்ட உருட்டப் பெயர்கள். ஆதார், பான், சம்பளச் சீட்டு, பாஸ்புக் முதல் பக்கம், கடன் அறிக்கைகள். எங்கள் தெருக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், வேப்பம்பட்டிலிருந்து வந்து போனவர்கள். ஒரு பகுதி மக்களின் முழு விவரமும் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் கடவுச்சொல் கூட இல்லாமல் கிடந்தது.

"இதெல்லாம் ஏன்பா வச்சிருக்க?"

"அப்பால வந்து இன்னொரு காப்பி கேப்பாங்கக்கா. அலைச்சல் மிச்சம்."

"இதை வேற யாருக்காவது அனுப்பறியா?"

அவன் அடுத்தவரின் காகிதத்தை வாங்கக் கையை நீட்டினான். வரிசையில் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கையில் தையல் மெஷின் கடனுக்கான மனு.

"சீக்கிரம் முடிங்கக்கா. நம்பகிட்ட இன்னா கீது மறைக்க? எடுத்துக்கட்டுமே" என்றாள்.

"உங்க பேர் என்னம்மா?"

"சாந்தி."

பாபு தடுப்பதற்குள் நான் தேடும் கட்டத்தில் அந்தப் பெயரைத் தட்டினேன். மூன்று சாந்திகள் வந்தார்கள். இரண்டாவது படத்தில் அவள் முகம். ஆதாரும், போன் எண்ணும், வீட்டு எண்ணும். அடுத்தவர் கோப்பைத் திறந்து காட்டுவதும் தப்புதான் என்று அந்த வேகத்தில் எனக்குத் தோன்றவில்லை. யாழினி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

சாந்தி கிட்டே வந்து பார்த்தாள். அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இந்த நம்பருக்குத்தான் கண்டவனும் போன் பண்ணிகினே இருந்தான்" என்றாள் மெதுவாக. "லோனு வேணுமா மேடம், லோனு வேணுமா மேடம்னு. எடுக்கலைன்னா திருப்பி திருப்பி அடிப்பான். எவன்டி அவன், எவன்டி அவன்னு கேட்டு எங்க ஊட்டுக்காரு போனை செவுத்துல அடிச்சி ஒடச்சாரு. ரெண்டு மாசம் எங்கம்மா ஊட்ல இருந்தேன்." பாபுவின் பக்கம் திரும்பினாள். "நீதானா நைனா அது?"

பாபுவின் முகம் சுருங்கிவிட்டது.

"நான் திருடலக்கா. அம்பத்தூர்ல ஒரு ஏஜென்ட்டு. லோன் தேவைப்படறவங்க விவரம் இருந்தா அனுப்பு, பேருக்கு இவ்ளோன்னு தரேன்னான். எல்லாருக்கும் லோன் கெடைக்கும், நல்லதுதானேன்னு அனுப்னேன். ஊட்டுக்காரரு போன ஒடைப்பாருன்னு நான் இன்னாத்த கண்டேன்?"

"என்னைக் கேட்டியா?" என்றாள் சாந்தி.

யாழினி சொன்ன அதே சொற்கள். என் மகளுக்கு அது பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது. இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இப்பவே அழி. எங்க கண்ணு முன்னாடி" என்றாள் சாந்தி. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "என்னுதும் பாருப்பா" என்றார். இன்னொருவர், "எங்க தெருவே கீதுடா அதுல" என்று உள்ளே வந்துவிட்டார். பாபு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தான். முடிந்தது என்று கையைத் தூக்கினான்.

அதுவரை வாய் திறக்காத யாழினி முன்னால் வந்தாள். குப்பைத்தொட்டிப் படத்தைக் காட்டி, "அண்ணா, அழிச்சதையும் அழிங்க" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். பாபு அழித்ததையும் அழித்தான்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஏஜென்ட்டின் மேல் புகார் கொடுக்க வேண்டுமென்றால் அழித்த அந்தக் கோப்புகள்தானே ஆதாரம்! போனது போனதுதான். சைபர் குற்றப் பிரிவுக்கு இணையத்தில் ஒரு புகார் பதிந்தேன். ஒப்புகை எண் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

5

சரவணனுக்கு என் மேல் இரண்டு நாள் கோபம். தட்டில் சோறு போட்டால் சாப்பிட்டான், எழுந்து போனான். மூன்றாம் நாள் சாயங்காலம் மாடிக்கு வந்து, "லாப்டாப்ப குடு" என்றான். ஆறு விசாரணைகளையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, 'நான் கடன் கேட்கவில்லை' என்று அவனே ஆட்சேபம் பதிந்தான். அதற்குக் கட்டணம் கிடையாது. 'சரிசெய்து தருகிறோம், பணம் கட்டு' என்று யார் சொன்னாலும் அவன் ஏமாற்றுக்காரன் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இதைப் படிப்பவர்களுக்கு வேறு எதைச் சொல்ல? ஸ்கோர் பார்க்க வேண்டுமானால் உங்கள் போனில், நீங்களே, கடன் தகவல் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள். செல்போன் செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஸ்கோர் பார்க்க உங்கள் மாமியார் நம்பர் எதற்கு? 'சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற நகல் ஒன்று உண்டு, பெரும்பாலும் அதுவே போதும். நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அதன் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று எழுதுங்கள். ஓ.டி.பி.யைக் கடைக்காரர் கேட்டால் போனை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

பாபு கடையைத் தொடர்ந்து நடத்துகிறான். நான் கிளம்பும் அன்று எதிரில் வந்தான், பார்க்காதது போலப் போய்விட்டான். சரவணனிடம் பழையபடி பேசுவதில்லையாம். அந்த இழப்பு என் தம்பியுடையது. அதை நான் வாங்கிக்கொள்ள முடியாது.

ஒரு மாதம் கழித்து ஆறில் நான்கு விசாரணைகளை நீக்கிவிட்டார்கள். மீதி இரண்டுக்கு, 'உங்கள் சம்மதம் எங்களிடம் இருக்கிறது' என்று பதில். அந்தச் சம்மதத்தைக் காட்டு என்று மறுபடி எழுதியிருக்கிறான்.

போன வாரம் சனிக்கிழமை கூப்பிட்டான். காசலில் ஒரு கடையில் நான் வாங்கிய காய்கறியை எடை போட்டுக்கொண்டிருந்தேன். வேறொரு இடத்தில் வண்டிக் கடனுக்கு மனுப் போட்டிருக்கிறான்.

"அந்த ஆபீசர், ஆதாரையும் பான் கார்டையும் போட்டோ புடிச்சி அவரோட சொந்த நம்பருக்கு அனுப்பிடுன்னாருக்கா."

"நீ என்ன சொன்ன?"

"ஒரிஜினல் கைல கீது சார், பாத்துக்கங்க. காப்பி வேணும்னா ஆபீஸ் மெயிலுக்குத்தான் அனுப்புவேன்னேன். அதெல்லாம் பழக்கம் இல்லை, வெளில வெயிட் பண்ணுன்னாரு. எனக்கு அப்பால வந்தவனெல்லாம் வேலைய முடிச்சிகினு போனான். காலைல போனவன மூணு மணி வரைக்கும் நிக்க வெச்சாங்க."

"அய்யோ. அப்புறம்?"

"அப்புறம் இன்னா. நின்னேன்."